முன்சீப் விட்டுச்சென்ற பணி

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற சிறப்பு அவரது மற்றொரு முகத்தை மறைத்துவிட்டது. தொழிலால் அவர் நீதிபதி. அத்தொழிலில் அவர் ஆற்றிய பணி நாவலுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே என் கருத்து.

1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் முன்சீப்பாகத் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் வழக்குகளை விசாரித்தார். 1872-இல் பதவியை விட்டார், 1889-இல் மறைந்தார்.

அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்ததைக் கவனிக்க வேண்டும். வழக்காளி ஒரு மொழியில் முறையிட, தீர்ப்பு வேறொரு மொழியில் எழுதப்படுவதை நடுவில் நின்று கண்டவர். 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என நூலாக்கினார். நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராயிருக்க, ஆங்கிலத்தில் வாதாடுவது யாருக்காக என்ற கேள்வியை நாவலிலும் எழுப்பினார்.

அக்கேள்வி சோழநாட்டோடு நிற்கவில்லை. மட்டக்களப்பின் தாய்வழி உரிமை முறையான முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876-இல் அச்சேற்றினார். நூலின் மொழியோ ஆங்கிலம். அச்சட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருக்க முடியும்?

இன்று நிலை மாறியுள்ளது. 1988-இன் 16ஆம் திருத்தத்தின் பின்னர் வடக்குக் கிழக்கில் தமிழே நீதிமன்ற மொழி. தன்னாமுனையில் வாவிக்கரைக் காணித் துண்டொன்றுக்காக வழக்காடுபவர் மட்டக்களப்பு நீதிமன்றில் தம் மொழியிலேயே சாட்சியம் சொல்லலாம். ஆனால் அவ்வழக்கு மேன்முறையீட்டுப் படிகளில் ஏறிக் கொழும்பை அடைந்தால், வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. தம் காணி ஏன் போயிற்று என்பதைச் சட்டத்தரணி சொல்லித்தான் அவர் அறிய வேண்டும். தமிழகத்திலும் உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் இயற்றிய தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை.

சட்டத்தின் நுட்பம் தமிழுக்குள் அடங்காது என்பார் உளர். கலைச்சொல் அகராதியோ அரச மொழித் திணைக்களமோ இல்லாத காலத்தில் தனியொரு மனிதர் அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார் என்பதே அவர்களுக்கான மறுமொழி.

உயர் மன்றங்களின் மொழியை மாற்றுவது அரசியல். அதற்குக் காலம் எடுக்கும். முக்கியமான தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கத்தை ஆண்டுதோறும் வெளியிட எந்தத் திருத்தமும் தேவையில்லை. நம் சட்டத்தரணிகள் சங்கங்களும் பல்கலைக்கழகச் சட்டத்துறைகளும் மனம் வைத்தால் போதும். முன்சீப்பின் நாவலுக்கு விழா எடுப்பவர்கள், அவர் விட்ட இடத்திலிருந்து இப்பணியைத் தொடர்வார்களா?