மறந்த நம்பரும் மாறிப்போன செல்போனும்

பட்டாவையும் பத்திரங்களையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும் குடியானவர், பி.எம். கிஸான் திட்டத்தில் தாம் எந்தச் செல்போன் நம்பரைக் கொடுத்தார் என்று கேட்டால் விழிக்கிறார். 2019-ம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தின்படி, தகுதியுள்ள நிலச் சொந்தக்காரரின் பாங்குக் கணக்கில் வருஷம் ரூ. 6,000, மூன்று தவணைகளாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு தவணை நின்ற பிறகே ரிஜிஸ்திரேஷன் நம்பரைத் தேடுவது பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டது.

நம்பரை மறந்தது பெரிய நஷ்டமன்று. திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் நம்பரையோ பதிவு செய்த செல்போன் நம்பரையோ கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டால் அது கிடைத்துவிடும். அந்த ஓ.டி.பி. எவர் கைக்குப் போகிறது என்பதே கவனிக்கத்தக்க விஷயம். உபயோகமும் போதிய இருப்பும் இன்றி 90 நாட்கள் கிடக்கும் ப்ரீபெய்ட் சிம் ரத்தாகக்கூடும். பின்னர் அந்நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேருவதும் உண்டு. அப்போது வீட்டுச் சாவி அயலூரானிடம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இவ்விஷயத்தில் உதவி செய்ய வருவோரும் பிசகு செய்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று தம் நம்பரையே எழுதிவிடுகிறார்கள். இது நல்லெண்ணத்தால் செய்யப்படினும் முற்றிலும் தவறு. அவர் மாற்றலாகிப் போனால் குடியானவர் எங்கே தேடுவார்? பழைய பதிவு இருக்கையிலேயே புதுப் பதிவுக்கு முயல்வதும் வீண் அலைச்சலே. குடியானவரை ஆதார் மையத்துக்கு அனுப்பி, அவருடைய சொந்த நம்பரைச் சேர்க்கச் செய்வதே நேரான வழி. இதற்கு அத்தாட்சிப் பத்திரம் எதுவும் தேவையில்லை; ஆள் மட்டும் நேரில் போனால் போதும்.

அதுவரையில் இ-கே.ஒய்.சி.க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் சில சமயம் ஏற்க மறுக்கிறது. உழைத்த கைக்கு இதுவும் ஒரு தண்டனை போலும். அத்தகையோருக்கு முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி 2023 முதல் திட்டத்தின் செல்போன் செயலியில் இருக்கிறது.

தவணையை விடுவிப்பதாகச் சொல்லிப் போனில் ஓ.டி.பி. கேட்பவருக்கு அதைச் சொல்லலாகாது. பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், கிராம அதிகாரியைத் தேடி நேரம் கடத்தாமல், 1930 என்ற நம்பருக்கு அப்பொழுதே தெரிவித்தல் வேண்டும்.