வாலென்சியாவில் ஒரு டம்ளர் கோரைப்பால்

ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவுக்கு இரண்டு நாள் பயணம் என்றதும் எனக்குச் சாப்பாட்டுக் கவலைதான். நாங்கள் சைவம், சின்னவனுக்கோ பாலே ஒத்துக்கொள்ளாது.

முதல் நாள் காலை, 1928-ல் திறந்த மத்திய சந்தைக்குப் போனோம். ஒரு கடையில் வெள்ளைவெளேரென்று பானம். 'ஐயோ, பாலா?' என்று பதறினேன். 'ஓர்ச்சாத்தா'வாம். கோரை இனத்துக் கிழங்கை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்க்கிறார்கள். நாம் தேங்காய்ப்பால் எடுப்பது போலத்தான். துளிப் பால் கிடையாது. மடமடவென்று குடித்துவிட்டு, "அம்மா, எனக்கும் பால் மீசை!" என்றானே சின்னவன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சர்க்கரை அதிகம். பாலின் சத்து முழுவதும் இதில் இல்லை. எப்போதாவது குடிக்கலாம்.

எதிரிலேயே பழைய பட்டு வணிக மண்டபம். முறுக்குப் பிழிந்தாற்போல் தூண்கள்! பிறகு மிகலெத்தே கோபுரம்; 207 படி ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சியது.

மத்தியானம் 'பயேயா' சாதம். வழக்கமாகக் கோழி, முயல் போடுவார்கள். காய்கறி மட்டும் போட்டதும் உண்டு. சாதம் வெந்த சாறு மாமிசச் சாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குங்குமப்பூ மணக்க, அடியில் பிடித்த காந்தலைத்தான் அந்த ஊரில் விசேஷமாகச் சுரண்டிச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் காந்தல் என்றால் என் தட்டுக்குத்தான் வரும். அன்று நாலு பேரும் போட்டி!