வண்டியைத் தாழ்த்தினால் வியாபாரம் உயராது



விலைவாசி, வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று எத்தனையோ விஷயங்களை நம் பத்திரிகையில் எழுதி வருகிறோம். சரக்கு ஏற்றும் வண்டியைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. கடைக்கு அடுத்தபடியாக நம் முதல் முடங்கிக் கிடப்பது வண்டியில்தான். தராசில் ஒரு கிராம் குறைந்தால் சண்டைக்கு நிற்கும் நாம், வண்டியில் கால் டன் கூடினால் கண்டுகொள்வதில்லை. அதனால் இந்த மாதம் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். அதுவரை மீன்பாடி வண்டியையும் மூன்று சக்கர வண்டியையும் நம்பியிருந்த சிறு வியாபாரி, நான்கு சக்கரத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இன்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் விடியற்காலை நின்று பார்த்தால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இந்தச் சின்ன வண்டிகள்தான் அரிசி, எண்ணெய், முட்டை, தண்ணீர் கேன் எல்லாம் சுமந்து போகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அத்தனை பேருக்கும் தினமும் உலை வைக்க வேண்டும் என்றால் சரக்கு எந்த வண்டியில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வண்டிகளை இப்போது இரண்டு வகையாகக் கெடுக்கிறோம். பெரியவர்கள் கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தூக்குகிறார்கள். பிள்ளைகள் பட்டையைக் கழற்றி, அகலமான சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையோடு தாழ்த்துகிறார்கள். தாழ்த்திய பிறகு ஆட்டம் தாங்கவில்லை என்று, திருகி இறுக்கக்கூடிய அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சர்பரை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு கூட்டமும் வியாபாரத்துக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறது. இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான் என்பது என் கருத்து.

தாழ்த்தும் மோகம் நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கார்களையும் பிக்கப்புகளையும் தாழ்த்தி ஓட்டுவது பல தலைமுறைப் பழக்கம். சக்கரத்தின் ரிம்மைவிட வண்டியின் எந்தப் பாகமும் கீழே தொங்கக் கூடாது என்று அங்கே 1958இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. தாய்லாந்தில் பிக்கப்பைத் தாழ்த்திப் பந்தயம் விடுகிறார்கள். அவை காலித் தொட்டியோடு வழவழப்பான பாதையில் ஓடுபவை. 26 கிலோ மூட்டை அடுக்கிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு வேகத்தடை ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

போன வருடம் மண்டிக்குச் சரக்கு ஏற்ற வந்த ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, புது ஷாக்கப்சர் போட்டிருக்கேன். எவ்வளவு வேணும்னாலும் இறுக்கிக்கலாம். இன்னும் பத்து மூட்டை ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது." அவர் வண்டி முக்கால் டன் வண்டி. "தம்பி, இறுக்கினால் ஆட்டம்தான் குறையும், பாரம் குறையாது" என்றேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

உண்மை என்ன? பாரத்தைச் சுமப்பது பட்டை அல்லது சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சர்பர் பாரத்தைச் சுமப்பதில்லை. பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயில் ஒரு பிஸ்டன் ஓடுகிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. அட்ஜஸ்டபிள் வகையில் அந்த வழியைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் ஒரு திருகு இருக்கும். அவ்வளவுதான். கடை வாசலில் கதவு அடிக்காமல் மெல்ல மூட ஒரு கருவி மாட்டுகிறோமே, அதை இறுக்கினால் கதவு மெதுவாக மூடும். கதவின் கனம் குறையுமா?

இப்போது கணக்குக்கு வருவோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் சந்தையில் 26 கிலோ மூட்டை வந்தது நமக்குத் தெரியும். 750 கிலோ ஏற்றும் வண்டியில் 25 கிலோ மூட்டை சரியாக 30 ஏறும். 26 கிலோ மூட்டை 28தான் ஏறும், 728 கிலோ. இருபத்தொன்பதாவது மூட்டை வைத்தாலே எல்லை தாண்டிவிடும். தம்பி கேட்ட பத்து மூட்டையைச் சேர்த்தால் 988 கிலோ. முக்கால் டன் வண்டியில் ஏறக்குறைய ஒரு டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். பத்து மூட்டை அரிசியில் நமக்கு நிற்பது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லாபத்துக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் வரும் இடம் இது.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாத விஷயம். பல சிறு சரக்கு வண்டிகளில் பின் சக்கர பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. சேஸிசுக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்து, வண்டியில் பாரம் இருக்கிறதா இல்லையா என்று அது கண்டுகொள்ளும். பாரம் ஏறினால் இடைவெளி குறையும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில் இடைவெளி அதிகம், அழுத்தம் குறையும். வண்டியைத் தாழ்த்திவிட்டால் காலி வண்டியையும் பார வண்டி என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். மழையில் பிரேக் போட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். கூடுதல் பட்டை போட்டுத் தூக்கியவர்களுக்கு இதற்கு நேர்மாறு. பாரம் ஏற்றியும் வண்டி அமுங்காது. காலி என்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழு பாரத்தோடு ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் ஓடவிட்டு, பாரம் ஏற்றி, அளந்து வைத்த உயரம் அது. அப்படிச் சோதிப்பதற்கென்றே நம் ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மகிந்திரா சிட்டியில் 2012 முதல் மகிந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. இத்தனை பொறியாளர்கள் நம் ஊரைச் சுற்றி உட்கார்ந்து அளந்ததை, சாலையோரத்தில் ஒரு கேஸ் கட்டரை வைத்து அரை மணியில் மாற்றுகிறோம்.

தாழ்த்துவதில் வேறு கேடுகளும் உண்டு. ஸ்பிரிங்கைச் சூடுகாட்டி வளைத்தால் எஃகின் முறுக்கு போய்விடும், பிறகு ஒரு நாள் நடு வழியில் உடையும். அச்சு மேலே ஏறி இறங்க இடம் குறைவதால், ரப்பர் ஸ்டாப்பர் வேகத்தடைதோறும் சேஸிசில் இடிக்கும். பழைய நீளத்திலேயே ஷாக் அப்சர்பர் இருந்தால் பிஸ்டன் அடியில் முட்டும். ராடு வளையும், ஆயில் சீல் கிழியும். டயர் மட்கார்டில் உரசும். ஒவ்வொரு இடியும் சரக்கில்தான் இறங்குகிறது. முட்டைத் தட்டு, அப்பளக் கட்டு, 15 கிலோ எண்ணெய் டின் ஆகியவற்றில் வரும் சேதாரத்தைச் சப்ளை செய்த கம்பெனியின் கணக்கில் எழுதிப் பழகிவிட்டோம். பாதிச் சேதாரம் நம் வண்டியின் அடியில் நடக்கிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி ஆதியில் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாற்றத்தைத்தான். வண்டியை ஓட்டியது டிரைவர், தாழ்த்தியது மெக்கானிக் என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டம் உரிமையாளரைத்தான் கேட்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சர்பரே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி உயரத்தில் நிற்கும் வண்டிக்கு, அந்த வண்டிக்கென்றே சரியான நீளத்தில் செய்த நல்ல தரமான அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சர்பர் நமக்கு உதவும். காலையில் முழு பாரம், மதியம் காலி வண்டி என்று ஓடுபவர்கள் நாம். பாரத்துக்கு ஏற்றபடி இறுக்கம் வேண்டியது நமக்குத்தான். 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவின் ஆலை ஓசூரில் இருக்கிறது. ஷாக் அப்சர்பர் செய்யும் கை நம் மாநிலத்திலேயே உண்டு. பில் இல்லாத சரக்கை வாங்கி ஏமாறத் தேவையில்லை.

மாட்டும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். புதிய ஷாக் அப்சர்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். வலம் இடம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுக்கம் வைக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் சீக்கிரம் கிழியும். முதலில் மிகத் தளர்வான அளவில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். காலி வண்டி சின்னக் கல்லில்கூடத் துள்ளினால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்றடித்து வண்டியைத் தூக்கும் ஏர் ஷாக் வகையில் மட்டும் ஜாக்கிரதை. அது பாரத்தின் ஒரு பகுதியை, அதற்கென்று செய்யப்படாத பிராக்கெட்டின் மேல் ஏற்றிவிடும்.

நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, வருடத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களின் வண்டிகளுக்கு அடிப்பாகம், பிரேக் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். சுற்றிலும் இத்தனை வண்டித் தொழிற்சாலைகள் இருக்கின்றன, முறையாகக் கடிதம் எழுதிக் கேட்டால் ஆள் அனுப்ப மாட்டார்களா? இரண்டாவது, ஒவ்வொரு வண்டியின் பின்கதவிலும் 'இத்தனை கிலோ, 26 கிலோ மூட்டையில் இத்தனை' என்று தமிழில் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையையும் டிரைவர், உடன் வரும் ஆள் ஆகியோரின் எடையையும் கழித்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். மூன்றாவது, எந்த உதிரிபாகத்தை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலமாகக் கேட்டு, வரும் பதிலை இந்தப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே சாலையில் கைகட்டி நிற்பதைவிட அது கௌரவம்.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மூட்டை தூக்கிக் கொடுப்பது நம் ஆட்கள். அளவுக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று மண்டிகள் எல்லாம் சேர்ந்து சொன்னால், எந்தச் சில்லறைக் கடைக்காரரும் வேறு மண்டியைத் தேடி ஓட முடியாது. ஒருவர் மட்டும் சொன்னால் அவருடைய வாடிக்கை போகும். எல்லோரும் சொன்னால் பழக்கம் மாறும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. நல்ல பெயின்ட் அடியுங்கள், கடைப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், சரக்கு நனையாமல் நல்ல தார்ப்பாய் போடுங்கள். உயரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தொட்டியில் இருப்பது இன்னொருவர் வீட்டுச் சோறு. முன் சீட்டில் இருப்பது உங்கள் உயிர்.