முன்தோல் என்று வாய்விட்டுச் சொல்லுவோம்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். இந்தப் பதிவு வயது வந்த ஆண்களுக்கும், பையனைப் பெற்றவர்களுக்கும்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நாம் காய்ச்சல், முதுகுவலி, ஏன் மூலம் வரைக்கும்கூட அரைகுறை இந்தியில் டாக்டரிடம் சமாளித்துவிடுகிறோம். ஆண்குறியின் முன்தோல் இறுகிக்கொண்டால்? டாக்டரிடம் சொல்ல இந்தியில் வார்த்தை தெரியாது. வீட்டில் சொல்லத் தமிழில் வாய் வராது. ஒரு சாதாரண வியாதி வருஷக்கணக்கில் முற்றுவது இந்த வார்த்தைப் பஞ்சத்தால்தான் என்பது என் கட்சி.

எனக்கு வந்தது 43 வயதில், போபாலில். முன்தோலைப் பின்னால் தள்ள முடியவில்லை. ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு, எரிச்சல். தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஷுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்பதுதான். எடுத்துப் பார்த்தால், இருந்தது!

காரணம் எளிது. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் அந்த இடத்தில் பூஞ்சை செழிக்கும். புண் வந்து வந்து ஆறும்போது தோல் தழும்பாகி இறுகும். ஆகவே நடுவயதில் புதிதாக முன்தோல் இறுகினால், முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பூஞ்சைத் தொற்று கூடுதலாக வரலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இறுக்கம் என்றாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்னபடி 4 முதல் 8 வாரம் தடவி, மெதுவாகத் தோலைத் தளர்த்தி வந்தால் பலருக்குச் சரியாகிவிடும். வெளுத்துத் தடித்த தழும்பு இருந்தால்தான் ஆபரேஷன் பக்கம் போக வேண்டிவரும். அதிலும் தோலை எடுக்காமல் வாயை மட்டும் அகலப்படுத்தும் முறை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் களிம்பு கேட்கவில்லை. ஊசி போட்டு மரக்கவைத்துச் செய்தார்கள், சாயங்காலமே வீடு. தையல் தானாகக் கரைந்தது. ஒரு வாரம் ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை, ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது. அவ்வளவுதான்.

ஊரிலிருந்து போனில், "சுன்னத்தா?" என்று அதிர்ந்தார்கள். ஒரு மதத்தாருக்கு அது கடமை, எனக்கு அது வைத்தியம். இதில் அதிர என்ன இருக்கிறது?

க்ளெய்ம் முதலில் திரும்பி வந்தது. நம் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாக இந்த ஆபரேஷன் விலக்குப் பட்டியலில் இருக்கும், "நோய்க்கான சிகிச்சையாக இருந்தாலன்றி" என்ற வரியோடு. அந்த வரிதான் நமக்கு முக்கியம். நோயின் பெயரை டாக்டர் தெளிவாக எழுதித் தந்ததை இணைத்தேன், பணம் வந்தது. இங்கேயும் பாருங்கள், பெயரைச் சொன்னால்தான் வேலை நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பின்னால் தள்ளிய தோல் திரும்ப வராமல் வீங்கினால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

இனி பிள்ளைகள் விஷயம். பிறக்கும்போது முன்தோல் ஒட்டித்தான் இருக்கும் என்று கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949லேயே எழுதிவிட்டார். டென்மார்க் பள்ளிப் பையன்களைப் பார்த்து 1968ல் வெளியான ஆய்வில், 17 வயதுவாக்கில் இறுக்கம் மிஞ்சியது சுமார் 100ல் ஒருவருக்குத்தான். ஆகவே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டிமார் பலமாகத் தள்ளிவிடுவதை அன்பாகத் தடுத்துவிடுங்கள். கிழிந்து தழும்பானால் அதுவே நிஜமான இறுக்கத்தில் கொண்டு விடும். சிறுநீர் போக வலித்தாலோ, அடிக்கடி சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊரில் என்றால் பையனுக்குச் சொல்ல மாமன், சித்தப்பா, கூட்டாளி என்று யாராவது இருப்பார்கள். இங்கே அப்பாவை விட்டால் ஆள் இல்லை. ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது ஏ.டி.எம். கார்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லித் தருகிறோமே, அதோடு இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்: "குளிக்கும்போது மெதுவாகப் பின்னால் தள்ளித் தண்ணீரில் கழுவி, மறக்காமல் முன்னால் கொண்டு வந்துவிடு. வலித்தால் எனக்குப் போன் பண்ணு."

உங்கள் வீட்டில் இதற்கு என்ன வார்த்தை வைத்திருக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பெயர் போடாமலும் சொல்லலாம்.