மாலை போட்டது போதும், பண்டிதரைப் படிப்போம்

மே 20 வந்தால் முகநூல் முழுக்க அயோத்திதாசப் பண்டிதரின் அதே படம். கீழே 'புகழ் வணக்கம்'. மறுநாள் வேறொருவர் படம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய சேரிகளில் மாலை வகுப்பு நடத்தும் நாங்களும் சில ஆண்டுகள் இதையேதான் செய்தோம். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அண்ணா, இவர் என்னதான் எழுதினார்?" என்று கேட்டாள். எங்களில் மூன்று பேர் முதுகலை முடித்தவர்கள். ஒருவராலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

பண்டிதரை 'மறக்கப்பட்ட சிந்தனையாளர்' என்கிறார்கள். மறந்தது யார்? அந்தச் சொல் குற்றவாளியை மறைத்துவிடுகிறது.

1845இல் சென்னையில் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். கற்பித்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். 1885இல் ஜான் இரத்தினத்தோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழ், 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபை. திராவிட அரசியல் வரலாற்றை 1916இல் தொடங்கியே பேசிப் பழகிய தோழர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசப் படிப்பும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். அவமானப்பட்ட இடத்திலேயே கோரிக்கையை மாற்றி வைத்த அரசியல் அது.

நிலம் என்றதும் நம் மாவட்டம் நினைவுக்கு வர வேண்டும். திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் பறையர்கள் நிலை பற்றி கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறாண்டு கழித்து, 1994இல், பஞ்சமி நிலம் கேட்ட காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். பண்டிதரின் கோரிக்கை பழைய கதையா?

1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் சாகும்வரை வாராவாரம் எழுதினார்.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளிகள். பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் ஊரில் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்தை நூல்களாக அச்சிட்டது. ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல்தான் வெளியானது. இறந்து 85 ஆண்டுகள் கழித்து! அதுவரை எழுத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் கூலிக்காரர்கள். எனவே ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பண்டிதர் புரியமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படிப்பது வேறு, பூஜை செய்வது வேறு. அவர் பிரிட்டிஷ் ஆட்சியை அளவுக்கு மீறி நம்பினார். தீபாவளியை எள் நெய் கண்டுபிடித்த பௌத்தத் திருநாள் என்றார். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பண்டிகையின் கதையை எழுதியது யார் என்று கேட்கும் பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பறையர்களைப் பூர்வ பௌத்தர் என்று நிமிர்த்தியவர், சக்கிலியர், குறவர், வில்லியர் ஆகியோரைத் தள்ளியே வைத்தார். நம் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களோடு வேலை செய்கிறோம். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கங்களை மூடி மறைக்க எங்களால் முடியாது. பண்டிதரோடு சண்டை போட வேண்டிய இடம் இது. சண்டை போடவாவது படித்திருக்க வேண்டும் அல்லவா?

தோழர்களே, இரண்டு வேலை சொல்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு, ஐந்து பேர் கூடி, பண்டிதரின் பத்துப் பக்கங்களைச் சத்தமாக வாசியுங்கள். அடுத்து, உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த மே 20க்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள். மாலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.