ஏற்றத்தில் எத்தனை லிட்டர்?

தனி ஆளாகச் சைக்கிளில் நெடும்பயணம் போவதைப் பற்றித் தமிழில் இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், காணொளி போடுகிறார்கள். நல்ல விஷயம். அவற்றில் ஒரு காட்சி மட்டும் தவறாமல் வரும். கொளுத்தும் வெயில், செங்குத்தான மலைப்பாதை, பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. வழியில் ஒரு வீடு. அங்கே ஒரு அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் தருகிறார். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பயணி நெகிழ்கிறார். நாமும் நெகிழத்தான் செய்கிறோம். ஆனால் நமக்குள் கூடவே ஒரு கேள்வியும் ஓடுகிறது. சொம்பை நீட்டுவதற்கு முன்னால் அந்த அம்மா, "எந்த ஊரு தம்பி, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாரா? கேட்டிருந்தால், பயணி என்ன பதில் சொன்னார்?

மலை ஏறுகிற வெயில் நாள் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் மணிக்கு 20 கிலோமீட்டரில் மிதிக்கும்போது முகத்தில் காற்று அடிக்கும், வியர்வை காயும். ஏற்றத்தில் வேகம் 6, 7 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். காற்று இல்லை. வியர்வை காயாமல் சொட்டுகிறது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கடும் வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலேயே வியர்த்துவிடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான், உப்பும் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எது கிடைக்கிறதோ அது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குளிர்ச்சி மேலே போய்ச் சேர்ந்தவருக்குத்தான்.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். வெப்பத்தாக்கில் முதலில் குழம்புவது மூளை. நடை தள்ளாடும், பேச்சு குழறும். "உட்காருடா, முகமெல்லாம் சரியில்லை" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: விடியுமுன் கிளம்பு, 11 மணிக்குள் நிழலைப் பிடி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, கேட்கக் கூச்சப்படாதே.

இந்தக் கடைசி அறிவுரையில்தான் நாம் நின்றுவிடுகிறோம்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. வழியில் கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறவர் ஒரு பாட்டிலோடு ஏறலாம். நம்ப முடியாதவர் நாலு பாட்டில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். வித்தியாசம் மூன்று கிலோ. ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்தால், இரண்டு மணி நேர ஏற்றத்தில் இந்த மூன்று கிலோவால் கூடுவது நாலைந்து நிமிடம். இதைப் பெரிதாக்க வேண்டாம், நம் கால்கள் அதற்கு மேலேயே சுமந்தவை. கனமாக இருப்பது வேறு ஒன்று. ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடக்கும்போது "இங்கே கேட்கலாமா, வேண்டாமா" என்று மனம் போடுகிற கணக்கு. அது ஊர் எதுவோ, சேரி எதுவோ. சுவரில் எந்தச் சங்கத்தின் கொடி வரைந்திருக்கிறது? கேட்டால் சொம்பில் தருவார்களா, தூக்கி ஊற்றிக் கையேந்தச் சொல்வார்களா? வண்டியை விட்டு இறங்காமலே இவ்வளவையும் பார்த்துவிட நமக்குப் பழக்கமிருக்கிறது. இந்தக் கணக்குப் போடாமலே மலை ஏறுகிறவர் நம்மைவிடச் சிறந்த சைக்கிள்காரர் அல்ல. அவருக்குக் கணக்குப் போடத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் தன் அனுபவங்களைப் பெரும்பாலும் பயணங்களாகவே சொல்லியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1901 கோடையில் சிறுவனான அவர் சதாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கக் கிளம்புகிறார். கூட அண்ணனும் அக்காள் மகன்களும். மசூர் ரயில் நிலையத்தில் மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிப்போகிறார்கள். இரவு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது முஸ்லிம் என்று பொய்யும் சொல்லிப் பார்க்கிறார். கிடைக்கவில்லை. கட்டுச்சோறு கையில் இருந்தும், தண்ணீர் இல்லாததால் பட்டினியாகப் படுக்கிறார்கள். காசு இருந்தது, வண்டி இருந்தது, சோறு இருந்தது. பயணத்தை நிறுத்தியது எது என்று நமக்குத் தெரியும்.

அதெல்லாம் அந்தக் காலம், சைக்கிளில் போகிறவனிடம் இன்று யார் சாதி கேட்கிறார்கள் என்பவர்களுக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டுவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட்ஏ)-ஐப் படியுங்கள். ஆறு, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய், சாலை இவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்கிறது ஒரு துணைப்பிரிவு. அதற்கு அடுத்ததே, பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. செருப்பும் புதுத்துணியும்கூட அதே இடத்தில் வருகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. 21ஆம் நூற்றாண்டில், சைக்கிள் என்ற சொல்லைத் தனியாக எழுதிவைக்க வேண்டிய நிலையில் இந்த நாடு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் பயணத்துக்கு வேண்டிய இரண்டும், தண்ணீரும் வண்டியும், அந்தச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கின்றன.

நம்மில் ஒருவர் போயிருக்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒடிசாவின் தலித் குடும்பத்தில் பிறந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகானந்தியா 1977 ஜனவரி 22 அன்று டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பா போய், மே மாத இறுதியில் சுவீடனை அடைந்தார். கடைசிப் பகுதி மட்டும் ரயிலில். வழியெல்லாம் படம் வரைந்து கொடுத்துச் சோறும் தங்க இடமும் பெற்றார். ஊடகங்கள் இதைக் காதல் கதையாக மட்டுமே சொல்லும், ஏனென்றால் அவர் தேடிப்போனது டெல்லியில் சந்தித்த சுவீடன் நாட்டுப் பெண்ணை. காதல் அழகுதான், மறுக்கவில்லை. நாம் அதில் இன்னொன்றையும் படிக்கிறோம். எல்லையைத் தாண்டியபின் அவரிடம் ஓவியமா என்று கேட்டிருப்பார்கள், எந்த நாடு என்று கேட்டிருப்பார்கள். எந்தத் தெரு என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆகவே வீட்டிலேயே இருங்கள் என்றா சொல்கிறோம்? இல்லை. போங்கள். குறிப்பாக மாணவிகள் போங்கள். "எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்காதே" என்று கூடப் படிக்கும் நண்பர் சொன்னால் அவரோடு சண்டை போட வேண்டாம், அடுத்த பயணத்தில் தண்ணீர் கேட்கிற வேலையை அவரிடமே கொடுங்கள். ஊரும் பெயரும் கேட்கப்படும்போது உங்களுடையதைச் சொல்லச் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1936-இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் ஒரு கையேடு போட்டார். கறுப்பினத்தவர் காரில் போனால் எங்கே அவமானப்படாமல் சாப்பிடலாம், எங்கே தூங்கலாம் என்ற பட்டியல். 30 ஆண்டுகள் வந்தது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அரசுப் பள்ளிக் குழாய், பெட்ரோல் பங்க், அம்பேத்கர் படிப்பகம், தர்கா, தேவாலயம், பஞ்சர் கடை, தோழர்களின் வீடு. எந்த வளைவுக்குப் பிறகு தண்ணீரே கிடையாது என்பதும் அதில் இருக்க வேண்டும். சித்திரை பிறப்பதற்குள், ஏற்காடு, ஏலகிரி, சிறுமலை, வால்பாறை என்று ஆளுக்கொரு பாதையை எடுத்துக்கொள்வோம். குழாய் இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள், திறந்து பார்த்து, குடித்துவிட்டு எழுதுங்கள்.