24 ஸ்டாம்பும் ஒரு தட்டுச் சோறும்

ஸ்டாம்பை நாக்கால் நக்கி ஒட்டிய தலைமுறைக்கு அதன் ருசி தெரியும். பிரமாதமாக ஒன்றும் இருக்காது, பசை ருசிதான். பெல்ஜியம்காரர்கள் 2013-ல் சாக்லேட் வாசனையோடு, நக்கினால் சாக்லேட் ருசியும் வருகிற மாதிரி ஒரு ஸ்டாம்பு போட்டார்கள். நம்ம அஞ்சல் துறை மட்டும் சும்மா இருக்குமா? 2006-ல் சந்தன வாசனை, 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை, 2017 ஏப்ரலில் பெங்களூரில் காபி வாசனை. காபி ஸ்டாம்பின் விலை 100 ரூபாய். படப்பை பஸ் ஸ்டாப் டீக்கடையில் அந்தக் காசுக்கு எத்தனை பேர் நிஜ காபியே குடிக்கலாம் என்பது தனிக் கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2017 நவம்பர் 3-ம் தேதி 'இந்திய உணவு வகைகள்' என்று 24 ஸ்டாம்புகளை அஞ்சல் துறை வெளியிட்டது. வட்டார உணவு, எல்லோரும் விரும்பும் உணவு, பண்டிகை உணவு, கோயில் பிரசாதம் என்று நாலு பிரிவு. இட்லி தோசை, பொங்கல், ஹைதராபாத் பிரியாணி, லக்னோ பிரியாணி, வடா பாவ், தோக்ளா, சோலே பட்டூரே, ராஜ்மா சாவல், லிட்டி சோக்கா, சந்தேஷ், மோதகம், பேடா, மால்புவா, திருப்பதி லட்டு... பார்க்கப் பார்க்க நாக்கில் தண்ணீர் ஊறுகிறது, மறுக்கவில்லை.

இந்த லிஸ்டைப் பார்த்ததும் நம்மாட்கள் எழுப்புகிற முதல் கேள்வி, "தமிழ்நாட்டுக்கு எத்தனை?" என்பதுதான். இட்லி தோசையும் பொங்கலும்தானா, செட்டிநாடு எங்கே, திண்டுக்கல் பிரியாணி எங்கே என்று ஒரே புலம்பல். ரேஷன் கடை க்யூவா இது, மாநிலத்துக்கு இவ்வளவு என்று அளந்து போட? படப்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை செய்கிற பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள்தான் பாதிக் கூட்டம். லிட்டி சோக்கா அவர்கள் வீட்டுச் சாப்பாடு. அந்த ஸ்டாம்பு படப்பைக்கும் சொந்தம்தான். வார நாளில் அதே பையன்கள் கேண்டீனில் இட்லி சாப்பிடுகிறார்கள், யாரும் கோட்டா கேட்பதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 24-ஐ இன்னொரு தடவை படியுங்கள். எவ்வளவு இனிப்பு, எவ்வளவு பிரசாதம்! வங்காளத்துக்கு சந்தேஷ் வந்தது, மீன் வரவில்லை. முட்டை இல்லை, கருவாடு இல்லை, களி இல்லை, கூழ் இல்லை. கூழையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாசம் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் எந்த அம்மன் கோயிலுக்குப் போனாலும் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். அது வட்டார உணவு. எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பது. திருவிழா உணவு. சாமிக்குப் படைத்தது. அஞ்சல் துறை சொன்ன நாலு பிரிவிலும் பாஸ்! ஆனாலும் ஸ்டாம்பில் இடமில்லை. பிறகு 2023-ல் சிறுதானிய ஆண்டு வந்தது. கேழ்வரகும் கம்பும் 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் மாற்றிக்கொண்டன. மார்ச் 18-ம் தேதி டெல்லி மாநாட்டில் ஸ்டாம்பு, கூடவே 75 ரூபாய் நாணயம். கூழாக இருந்தவரை கண்ணில் படாதது, பேர் வைத்ததும் பட்டுவிட்டது.

"அட, ஸ்டாம்பு அழகுக்குப் போடுவது, இதில் போய் அரசியலா?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. 1963-ல் இந்தியா 'பசியிலிருந்து விடுதலை' என்று ஒரு ஸ்டாம்பு போட்டது. அமெரிக்கக் கப்பல் எப்போது வரும் என்று நாடு காத்திருந்த காலம் அது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கினார்கள். அப்போது உணவு, விவசாய மந்திரி நம்ம சி.சுப்பிரமணியம். 1968 ஜூலை 17-ம் தேதி இந்திரா காந்தி வெளியிட்டது 'கோதுமைப் புரட்சி' ஸ்டாம்பு. அந்த ரெண்டும் சோற்றைப் பற்றிப் பேசின. நாட்டுக்கு அப்போது பசித்தது, ஸ்டாம்பும் அதைத்தான் சொன்னது. சுப்பிரமணியத்துக்கு 2010-ல் ஸ்டாம்பு வந்தது, எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. ரெண்டுமே நியாயம். அதே துறை 2017-ல் போட்டது என்ன? ஓட்டல் மெனு கார்டு.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் உடனே தோன்றும். ஸ்டாம்பு என்பது முன்கூட்டியே வாங்கிய கூலி. அஞ்சு ரூபாய் ஸ்டாம்பை வாங்கி ஒட்டினால் துறை அந்தக் கடிதத்தைச் சுமந்து போய்ச் சேர்க்க வேண்டும். வாங்கி ஆல்பத்தில் வைத்துவிட்டால்? சுமக்க வேண்டியதில்லை. அச்சுக்கூலி போக மிச்சமெல்லாம் லாபம். 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்கு தொடங்கினால் புது ஸ்டாம்பு வீடு தேடி வரும் என்று துறையே ஆள் பிடிக்கிறது. இதில் தப்பு ஒன்றுமில்லை, கடிதம் எழுதுகிறவர்கள் அருகிப்போன நாட்டில் துறை வேறு என்ன செய்யும்? ரிஜிஸ்டர் போஸ்டே 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு கலந்துவிட்டது. ஆனால் ஆல்பம்காரரை மனதில் வைத்துப் படம் தேர்ந்தெடுத்தால் லட்டும் மோதகமும்தான் வரும். கருவாட்டை யார் ஆல்பத்தில் வைப்பார்கள்?

இந்தப் பக்கத்து ஊர்களில் சாப்பாடு என்றால் என்ன என்பதற்கு 2021 டிசம்பரைப் பார்க்க வேண்டும். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிற பெண்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாட்டில் விஷமாகி 250 பேருக்கு மேல் வாந்தி, பேதி. 159 பேர் ஆஸ்பத்திரியில். சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றிய பெண்கள், எந்தக் கட்சிக் கொடியும் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-ம் தேதிதான் ஆலை திரும்பத் திறந்தது. உலகம் பூராவும் போகிற போன், அதைப் பூட்டுகிற கைக்கு ஒரு வேளை ஒழுங்கான சோறு இல்லை. 24 ஸ்டாம்பையும் வரிசையாக வைத்துத் தேடுங்கள், இந்தச் சோறு எந்தப் பிரிவில் வரும்? வட்டார உணவா, பிரசாதமா?

சமைக்கிறவர்கள் கதையும் இதேதான். காமராஜருக்கு 1976-ல் ஸ்டாம்பு, எம்.ஜி.ஆருக்கு 1990-ல். 1950-களில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டவர் அவர், 1982 ஜூலை 1-ம் தேதி சத்துணவு என்று அதைப் பெரிதாக்கியவர் இவர். ஸ்டாம்பில் வந்தது தலைவர்களின் முகம். காலையிலேயே அடுப்பு மூட்டி, அரிசி களைந்து, முட்டை அவித்து உரிக்கிற ஆயாம்மாவின் கை அதில் இல்லை. அந்த முட்டை இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அன்றைய ஒரே சத்து என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

அடுத்த தடவை உணவு ஸ்டாம்பு போடும்போது தட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். குழி குழியாக இருக்கிற எவர்சில்வர் கேண்டீன் தட்டு. ஒரு குழியில் சோறு, ஒன்றில் சாம்பார், ஒன்றில் பொரியல், ஓரத்தில் ஒரு அவித்த முட்டை. பின்னால் ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகச் சாப்பிடுகிற ஒரு பெண். விலை அஞ்சு ரூபாய் போதும், வாசனையெல்லாம் வேண்டாம்.